பித்தளை டியூப்

டக்கு டக்குன்னு முதுகுக்குப் பின்னால சத்தம் கேக்குதே, என்ன தம்பி அது? லைட்டரா? இங்கிட்டுக் கொண்டா. ஓ, டியூப் வேப்பா, பேட்டரியில இழுக்குற சிகரெட்டு! ரோலா பஜார்ல வாங்கினியா? செகண்ட் ஹேண்டா? சரி சரி, மூஞ்சியத் தூக்காத. நான் எலக்ட்ரீஷியனாச்சேன்னுதான இது எப்படின்னு கேக்குற, சொல்றேன். மீன் ஆயிற கையி, தொடமாட்டேன். நீயே திருப்பிக் காட்டு.

நல்ல சாமான்தான், இல்லங்கல. கெட்டிப் பித்தளை. சிப்பு கிடையாது, வயரு கிடையாது, கெட்டுப்போக உள்ள ஒண்ணுமே இல்ல. மாடியிலேருந்து விழுந்தாலும் தொடச்சுட்டு இழுக்கலாம். புகையும் நெஞ்சு நெறைய வரும். நம்ம ரூம்ல எட்டுப் பேருக்கு ஒத்த ப்ளக் பாயிண்ட், இதுல பேட்டரிய மட்டும் மாத்திக்கலாம். எல்லாம் சரி.

ஆனா வெனையும் அந்தச் சிப்பு இல்லாததுதான். மத்ததெல்லாம் சூடு கூடினா தானா அணையும். இத அணைக்க யாரு இருக்கா? அடியில பட்டனப் பூட்டுற வளையம் பாரு, லொடலொடன்னு ஆடுது. காத்துப் போக ஓட்டை இருக்கா? இல்லையா? அப்ப பேட்டரி பொங்குச்சுன்னா இது வெடி, தம்பி. உறை கிழிஞ்ச பேட்டரியப் போட்டா பட்டனத் தொடவே வேணாம், பித்தளையில பட்டு தானா சுடும்.

சிரிக்காத. யூடியூப்ல பாத்துச் சொல்லல.

விமல்னு ஒருத்தன் நம்ம ரூம்ல இருந்தான். சாரம் கட்டுற வேலை. சிகரெட் நாத்தம் வந்தா நம்ம லேபர் கேம்ப் பாஸ் கத்துறான்னு இதே மாதிரி ஒண்ணு வாங்கினான். ஒரு ஞாயித்துக்கிழமை, எல்லாரும் சோறாக்கிட்டு நிக்கிறோம், அவன் பேன்ட் பையில உஸ்ஸுன்னு சத்தம். எடுத்து எறியப் போனான் பாவி. வலது கையில கட்டைவிரல்தான் மிச்சம்.

சேச்சே, உயிரோடதான் இருக்கான். ஊருல. வாராவாரம் போன் பண்ணுவான். பொண்டாட்டி சோத்தப் பெசஞ்சு ஊட்டுதாம், புது மாப்பிள்ள மாதிரி இருக்கேண்ணேங்கிறான். சாரம் கட்டுறவனுக்குக் கையி போச்சுன்னா அப்புறம் என்னய்யா இருக்கு? அந்த டியூப்தான மோசம், இல்லண்ணேன்னு கேப்பான். ஆமாடா, டியூப்தாண்டாம்பேன்.

டியூப் என்ன பண்ணும். பேட்டரி நான் குடுத்தது.

பழைய டார்ச்சுலேருந்து கழட்டினது. மேல்முனையில உறை கிழிஞ்சிருந்துச்சு. பாக்காம இல்ல, பாத்தேன். பாத்துட்டுத்தான் கருப்பு டேப்ப ரெண்டு சுத்து சுத்துனேன். சைட்ல நானூத்திப் பதினஞ்சு வோல்ட்டையே டேப் சுத்தி அடக்குறவன், நாலு வோல்ட்டு என்னத்தக் கிழிச்சிரும்னு ஒரு இது. தடிச்சுப்போயி உள்ள போகமாட்டேன்னுச்சு. பயமா இருக்குண்ணேன்னான். அட போடான்னு நான்தான் அமுக்கித் திருகி எறக்கினேன். மரையில ஒரசி டேப் உரிஞ்சிருக்கும்.

இல்ல, அவனுக்குத் தெரியாது. ரெண்டு வருஷமாச்சு. ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் போன எடுக்குறேன். அண்ணே, சாப்டியாங்கிறான். சாப்டேண்டான்னுட்டு வச்சிடுறேன்.

நீ அந்த மூடியக் கழட்டு. பேட்டரிய உருவி அந்தத் தட்டுல வையி. ம், பையில போடாத. வையின்னா வையி.

அந்தக் குழாயக் கொஞ்சம் தொறந்துவிடு தம்பி. மத்தி இன்னும் அரைக்கிலோ கிடக்கு, ஆஞ்சு முடிச்சிடுறேன்.