மொபெட்டின் ஹெட்டுக்கு உள்ளேயும் பெயிண்ட் அடித்தது பற்றி

என் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி எழுதிக்கொள்ளப்பட்டது. அந்தப் பெயரில் யாராவது கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன். தெருவில் என்னை 'ரெண்டு கோட்டு' என்றால்தான் தெரியும். வயது ஐம்பத்து மூன்று. வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பது தொழில். படிப்பு எட்டாம் வகுப்பு. ஒன்பதுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. என் மகளின் மெக்கானிக் கடைக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் வேலை, கடைக்கு மேல் உள்ள வீட்டில் குடித்தனம்.

புகார் கொடுத்த துணி வியாபாரி தன் டூ ஸ்ட்ரோக் மொபெட்டை என் மகளிடம் கொடுத்து, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு எஞ்சினைப் புதுப்பிக்கச் சொன்னார். அவளும் முடித்துக் கொடுத்தாள். அதன் பிறகு துணி மூட்டையோடு வண்டி மேடு ஏறவில்லை. அவர் வேறொரு கடையில் காட்ட, அங்கே கம்ப்ரஷன், அதாவது எஞ்சினுக்குள் காற்றழுத்தம், மிகக் குறைவு, உள்ளே இருப்பது பழைய பிஸ்டனாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, தெருவே பார்க்க, "புது பிஸ்டனை வித்துத் தின்னுட்டா திருடி" என்றார். என் மகள், "திறந்து பாத்துட்டுப் பேசுங்கண்ணே" என்றாள். அவர், "ஸ்டேஷன்ல பேசிக்கலாம்" என்று வண்டியை எடுக்கப் போனார். உடனே நான் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இதை மறுக்கவில்லை. வண்டி போய்விட்டால் உள்ளே என்ன இருந்தது என்று யாரிடம் போய்க் காட்டுவது? திரும்ப அப்படி நடந்தால் திரும்பவும் கழற்றுவேன்.

அதன் பிறகு வியாபாரி ஸ்டேஷனுக்குப் போன் செய்ய, ஏட்டையா கடைக்கு வந்தார். அவர் முன்னிலையிலேயே என் மகள் பிளக் இருந்த ஓட்டையில் அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டி, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து வைத்துக்கொண்டு உதைத்தாள். முள் பாதிக்கே வரவில்லை. வியாபாரி சிரித்தார். அதன் பிறகு அவள் அதே ஓட்டை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி உதைத்தாள். முள் அதே இடத்தில் நின்றது. "பிஸ்டனோ ரிங்கோ தேஞ்சிருந்தா எண்ணெய் அந்தச் சந்தை அடைக்கும், முள் ஏறும். ஏறல. காத்து வேற எங்கயோ போகுதுண்ணே" என்றாள். அதன் பிறகு சிலிண்டருக்கு மூடியாக இருக்கும் ஹெட்டும் சிலிண்டரும் சேரும் இடத்தைச் சுற்றிச் சோப்பு நுரை தடவி உதைத்தாள். ஒரு பக்கம் புசுபுசுவென்று குமிழ் வந்தது. ஏட்டையா குனிந்து பார்த்தார்.

அவள் நட்டுகளைக் கழற்றி ஹெட்டைத் தூக்கினாள். உள்ளே பளபளவென்று புது பிஸ்டன் இருந்தது. ஹெட்டின் அடிப்பக்கம், காற்றுப் போகாமல் அடைக்கும் கேஸ்கெட்டில் படிய வேண்டிய இடம் முழுக்க வெள்ளிப் பெயிண்ட் கொப்பளித்துக் கருகியிருந்தது. என் மகள் என்னைப் பார்த்தாள்.

"அப்பா, உள்ளயும் அடிச்சீங்களா?"

"வெளியில மட்டும் அடிச்சா அரைகுறையா இருக்குமேம்மா."

என் கவனக்குறைவால் நடந்தது இதுதான். அவள் வேலையை முடித்து, அளந்து பார்த்துவிட்டு, சாமான் வாங்கப் போயிருந்தாள். எஞ்சின் புதிது, ஹெட் மட்டும் கரி பிடித்த சட்டி மாதிரி இருக்கிறதே என்று நான் அதைக் கழற்றி, எல்லாப் பக்கமும் இரண்டு கோட்டு அடித்து, காயவைத்து, தெரிந்த மட்டும் முறுக்கி வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. பார்த்து அசந்துபோவாள் என்று நினைத்தேன். அசந்துதான் போனாள்.

அதன் பிறகு அவள் பெயிண்டைச் சுரண்டி, புது கேஸ்கெட் போட்டு, நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக முறுக்கி அளந்தாள். முள் சரியான இடத்துக்கு ஏறியது. வண்டியும் கிளம்பியது. அப்படியும் வியாபாரி, "அப்பனும் பொண்ணும் சேந்து நல்லா நடிக்கிறீங்க" என்று புகாரைத் திரும்பப் பெற மறுத்தார்.

இங்கே ஸ்டேஷனுக்கு வந்த பிறகு, என் மகள் மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் சமாதானமாக முடித்துவிடலாம் என்று ஐயா சொன்னார். அவள் எழுத மாட்டாள். எழுதவும் விட மாட்டேன். பெயிண்டுக்கு மன்னிப்பு வேண்டுமானால் நான் நூறு தரம் கேட்கிறேன், எனக்கு அது பழக்கம்தான். அவள் கடை திறந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. திருடி என்று தெருவில் வைத்துச் சொன்னவர், அதே தெருவில் நின்று இல்லை என்று சொல்லட்டும். அதுவரை வழக்கு நடக்கட்டும், என் பேரில்.

இந்த வாக்குமூலத்தை எழுதிய ஐயா எனக்குப் படித்துக் காட்டினார். ஓரிடத்தில் 'மகளின் கவனக்குறைவால்' என்று இருந்தது. அதை அடித்து 'என் கவனக்குறைவால்' என்று எழுதச் சொன்னேன். இரண்டும் ஒன்றுதானே என்றார். இல்லை என்று பேனாவை மேசையில் வைத்துவிட்டேன். அடித்து எழுதினார். இப்போது இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னது, நடந்தது. கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)