கோட்டில் உட்காராத புள்ளிகள்

நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது. மின்விசிறியை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். அது கடகடவென்று அடித்துக்கொண்டால் எனக்குக் கோர்வையாகப் பேச வராது.

திட ஆக்சைடு எரிபொருள் கலம் என்பது, உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், உள்ளங்கை அளவு பீங்கான் தகடு. உலையில் எண்ணூறு டிகிரியில் வைத்து, ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறுபக்கம் காற்றும் விட்டால் மின்சாரம் தரும். எவ்வளவு தரும் என்று கணினியில் முன்கூட்டியே கணித்துச் சொல்வது என் வேலை. உலையைச் சூடாக்கி அளந்து பார்ப்பது என் மைத்துனன் வேலை. மனைவி நச்சரித்ததால் அவனை எங்கள் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிட்டதும் நான்தான்.

நான் வரைந்த கோடு வழுவழுவென்று இருக்கும். அவன் அளந்த புள்ளிகளோ ஒன்றுகூட அதில் உட்காராது, கீழே வழியும். "மாமா, வோல்டேஜ் இறங்குது. ஓரத்து சீல்ல விரிசல், கேஸ் கசியுது," என்பான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டில், எல்லோர் முன்னாலும் சொன்னான்: "தகடு உங்க கட்டுரைய இன்னும் படிக்கலையே மாமா." சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வாரம் பார்வையாளர்கள் வந்தார்கள். கட்டுப்பாட்டு மென்பொருளில், அளந்த எண் வரவேண்டிய இடத்தில் நான் கணித்த எண்ணை வரவைத்தேன். மோசடி என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அழுக்கைத் துடைப்பது மோசடியாகாது. வோல்டேஜ் இறங்கினால் ஹைட்ரஜனைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பும் அதே எண்ணைத்தான் பார்க்கிறது என்று உங்கள் நிபுணர் கண்டுபிடித்தாராம். பாவம், அந்தப் பாதுகாப்பு நிரலை எழுதியவனே நான்தான்.

பார்வையாளர்கள் போன பிறகும் நான் அதைத் திருப்பி மாற்றவில்லை. "புது சீல் போட்டதும் உங்க கோட்டுலயே நிக்குது மாமா. உங்க கணக்குதான் சரி," என்று மைத்துனன் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். தோற்றவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

உலை கொதிக்கும்போது கசிகிற ஹைட்ரஜன் அங்கேயே எரிந்துவிடும். ஆறும்போதுதான் எரியாமல் தேங்கும். அன்று உலை ஆறிக்கொண்டிருந்தது. அளந்த உண்மையான எண் என் மேசைத் திரையில் மட்டும் ஓடியது. அது பாதாளத்தில் கிடந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் கையுறை மாட்டினான். தன் திரையைப் பார்த்தான். திருப்தியாக என் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்தினான்.

மைக் என் கையருகில்தான் இருந்தது. "தொடாதே" என்ற ஒரு சொல் போதும். சொல்லியிருந்தால் கசிவு உண்டு என்று ஆகியிருக்கும். இத்தனை நாளும் அவன் சொன்னதே சரி என்று ஆகியிருக்கும்.

நானும் கட்டைவிரலை உயர்த்தினேன்.

அவன் உலைக் கதவைத் திறந்தான். காற்று உள்ளே போயிற்று. மிச்சத்தை உங்கள் புகைப்படக்காரர் எடுத்திருக்கிறார். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள். சொல்லுக்கெல்லாம் நான் சண்டை போடுவதில்லை.

மனைவி என் முகத்தில் விழிப்பதில்லை. கூடப்பிறந்தவன் போன துக்கம், வேறொன்றுமில்லை. நாளாக ஆக என்னிடம் திரும்பி வந்துவிடுவாள். கணித்துப் பார்த்துவிட்டேன்.