காவு வாங்காத வீடு

இந்த நாற்காலிக்கு ஒரு கால் கட்டை ஐயா. அட்டையை நாலாக மடித்து அடியில் கொடுத்தால் ஆட்டம் நின்றுவிடும். பரவாயில்லை, நான் நின்றுகொண்டே சொல்கிறேன். எனக்கு ஒரே இடத்தில் உட்கார வராது. கடையில் பத்தடி கயிறு கேட்டால்கூட ஆளை ஏவாமல் நானே எழுந்துபோய் அளந்து வெட்டிக் கொடுக்கிறவன்.

பெயர் ராமசுப்பு. வயது ஐம்பத்தெட்டு. ராயபுரத்தில் கப்பல் கயிறும் தார்ப்பாயும் மொத்த வியாபாரம். பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போனபோது தம்பி உச்சிமாகாளிக்குப் பதினோரு வயது. அவனை வளர்த்து, படிக்கவைத்து, மாயாவைப் பார்த்துக் கட்டிவைத்து நிமிர்ந்தபோது எனக்கு ஐம்பது ஆகியிருந்தது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்கு வீடு இருந்தது.

காலடிப்பேட்டையில் அப்பா வாங்கிப்போட்ட வீடு. வயது தொண்ணூறுக்குக் குறையாது. தேக்கு உத்தரங்கள், முழுக்கச் சுண்ணாம்புச் சாந்து. சித்திரை வெயிலில் உள்ளே நுழைந்தால் பானைத் தண்ணீர் குடித்த மாதிரி இருக்கும். உப்புக் காற்றும் நிலக்கரித் தூசியும் சேர்ந்து முப்பது வருஷமாக அதைச் சுரண்டிக்கொண்டிருந்தன. இடித்துவிட்டு நாலு மாடி எழுப்புங்கள் அண்ணாச்சி என்று பார்த்தவனெல்லாம் சொன்னான். சொல்கிறவனுக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது. நான் பழையபடியே செப்பனிடுவது என்று முடிவு செய்தேன். சுப்பராயன் என்று ஒரு கொத்தனார் கிடைத்தார். சுண்ணாம்பு தெரிந்த மனிதர். தை மாதம் வேலையைத் தொடங்கினோம். மாசி முடிவதற்குள் முன்கட்டுக் கூரையைப் பிரித்து, இற்றுப்போன உத்தரங்களை இறக்கிவிட்டோம். நாங்கள் மூவரும் பின்கட்டில் இருந்தோம்.

பங்குனியில் மாயா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. எட்டு வருஷம் ஐயா. நடுவில் இரண்டு தடவை தங்கி, தங்காமல் போயிருந்தது. நான் மனதார சந்தோஷப்பட்டேன். அன்றைக்கே இரண்டு கிலோ அல்வா வாங்கி வந்து தெருவில் வீடு வீடாகக் கொடுத்தேன். கேட்டுப்பாருங்கள், யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

மறுநாள் தம்பி வந்து நின்றான். எங்கள் வீட்டுக்குள் இன்னும் ஊர்ப்பேச்சுதான்.

"அண்ணே, வேலைய கொஞ்ச நாளைக்கு நிறுத்திருவோமா? மாயா ரொம்ப பயப்படுதா."

மாசமான பெண் இருக்கும் வீட்டில் கடப்பாரை படக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, கூரையில் கைவைக்கக்கூடாது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். நான் மறுத்துப் பேசவில்லை. அதுக்கென்னடே, நிறுத்திட்டாப் போச்சு என்றேன். திறந்துகிடந்த முன்கட்டின் மேல் என் கடைத் தார்ப்பாயையே இழுத்துக் கட்டினேன். இருக்கிறதிலேயே கனமானது.

அதிலிருந்துதான் எனக்கு நிலைகொள்ளாமல் போனது. கடற்காற்று பிடித்தால் தார்ப்பாய் படபடவென்று அடிக்கும். கடையில் இருக்கும்போதும் அந்தச் சத்தம் காதில் கேட்கும். எழுந்து வீட்டுக்கு வருவேன், முடிச்சுகளை இழுத்துப் பார்ப்பேன், சுவரைத் தொட்டுப் பார்ப்பேன், திரும்பக் கடைக்குப் போவேன். ஒரு நாளைக்கு மூன்று நடை. குழந்தைக்குத் தேதி ஐப்பசிக் கடைசி. அதற்கப்புறம் நாற்பது நாள். அப்படியானால் கார்த்திகை முடிந்துதான் வேலை. ஆனால் மழை அதற்கு முன்னாலேயே வந்துவிடும். தலை திறந்த சுண்ணாம்புச் சுவர் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், ஒருநாள் உட்கார்ந்துவிடும். சுப்பராயன் ஒளிக்காமல் சொன்னார்: "புரட்டாசிக்குள்ள கூரைய மூடணும் அண்ணாச்சி. இல்லேன்னா அப்பால என்னக் கூப்புடாதீங்க. இடிக்கிற ஆளக் கூப்புடுங்க."

வேறு வழிகளைப் பார்க்காமல் இல்லை. எம்.கே.பி. நகரில் அவர்களுக்கு ஒரு வீடு பேசி வைத்தேன். மாசமான பெண் வீடு மாறவும் கூடாதாம். தாய்வீட்டுக்கு அனுப்பலாம் என்றால் மாயாவுக்குத் தாயும் இல்லை, வீடும் இல்லை. ஆடி மாதம் தம்பியிடம் கெஞ்சி ஒரே ஒரு நாள் சுப்பராயனை வரவழைத்தேன். சாய்ந்த உத்தரம் ஒன்றுக்கு முட்டுக் கொடுத்தார், அவ்வளவுதான். கடப்பாரை சுவரில் இரண்டு இடத்தில் பட்டது. அதற்கே மாயா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் நான் கேட்கவில்லை.

இப்போது வண்டிக்கு வருகிறேன்.

பன்னிரண்டு வருஷப் பழைய கார். வீட்டுக்குள் நிறுத்த இடமில்லை, தெருவில்தான் நிற்கும். ஆனி மாதம் ஒருநாள் மாயாவைப் பரிசோதனைக்கு அழைத்துப் போக எடுத்தால் ஸ்டார்ட் ஆகவில்லை. அவளை ஆட்டோவில் அனுப்பிவிட்டுப் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து மெக்கானிக் ஹுமாயூனை வரவழைத்தேன். அவர் சாவியைத் திருப்பச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"செல்ஃப் சோக்காத்தான் சுத்துது அண்ணாச்சி. பேட்டரி மேல பழி போடாதீங்க. பெட்ரோல் ஏறல."

பானெட்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டியைத் திறந்து, தீப்பெட்டியில் பாதி இருக்கும் ஒரு சின்ன சதுரத்தைப் பிடுங்கிக் காட்டினார். ரிலே. பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் விடுவது அதுதான். அதன் கால்களில் பச்சையாகத் துரு.

"உப்புக் காத்து அல்லாத்தியும் துன்னுடும். இது கயண்டுகினா பம்பு ஓடாது. ஆனா லைன்ல மீந்துகினு கீற பெட்ரோலுக்கு ஒரு தபா புடிக்கிற மாரி புடிச்சி ஆஃப் ஆயிடும். தோ இப்ப வந்துடும், தோ இப்ப வந்துடும்னு நாமளும் சாவி போட்டுகினே இருப்போம். பேஜார் புடிச்ச கோளாறு."

காலைச் சுரண்டித் துடைத்துச் சொருகினார். வண்டி உடனே ஓடியது. அவருக்கு இது ஒரு காலை வேலை. எனக்கு அவர் சொன்னது மனதில் தங்கிவிட்டது. ஓடாத வண்டியில் இரண்டு வகை உண்டு ஐயா. அடியோடு செத்துப்போன வண்டியை மனிதர்கள் விட்டுவிட்டு வேறு வண்டி பிடித்துப் போய்விடுவார்கள். பிடிக்கிற மாதிரி பிடித்துப் பிடித்து விடுகிற வண்டியை விட்டுப் போகமாட்டார்கள். காத்திருப்பார்கள்.

ஆவணி, வியாழக்கிழமை, காலை ஏழேகால். மாயாவுக்கு ஏழு மாதம் தாண்டியிருந்தது. வலியோ ரத்தமோ கண்டால் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் வந்துவிடுங்கள் என்று டாக்டரம்மா எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். அதற்காகவே தினமும் விடிந்ததும் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்துவைப்பது என் பொறுப்பு. அன்றும் ஆறு மணிக்குப் பார்த்தேன். மாயாவுக்கு ரத்தம் படுகிறது என்று தம்பி உள்ளிருந்து கத்தினான். நீ அவளைக் கூட்டிக்கொண்டு வா, நான் போய் வண்டியை எடுக்கிறேன் என்று முன்னால் வந்தேன். அவர்கள் மெதுவாக நடந்து வாசலுக்கு வர மூன்று நிமிஷம் ஆனது. மாயா பின்சீட்டில் படுத்துக்கொண்டாள். தம்பி சாவியைத் திருப்பினான். ஒருமுறை பிடித்து நின்றுபோனது.

நான் பானெட்டைத் தூக்கினேன்.

என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன். பேட்டரி முனைகளைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். அதற்கு எட்டு நிமிஷம். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஏர் ஃபில்டரைத் திறந்து தட்டினேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இப்போது போடு என்பேன், தம்பி சாவி போடுவான். ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா அண்ணே என்றான். இந்நேரம் ரோடு முழுக்கக் கண்டெய்னர் லாரி, அது வருவதற்குள் நாம் ஆஸ்பத்திரியில் இருப்போம் என்றேன். நான் சொன்னால் அவன் கேட்பான். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அவன் சைக்கிளிலிருந்து வீட்டு மோட்டார் வரை நான் கைவைத்து ஓடாமல் போனது கிடையாது.

மாயா ஒருமுறை தலையைத் தூக்கி, "அத்தான் பாத்துக்கிடுவாங்க, நீங்க அவங்கள அவசரப்படுத்தாதீங்க" என்று அவனிடம் சொன்னாள். எனக்குக் கேட்டது. பானெட் மறைத்திருந்ததால் முகங்கள் தெரியவில்லை.

இருபது நிமிஷம் இருக்கும். சாலமன் ஆட்டோவை ஓரங்கட்டினான். எங்கள் தெருப் பையன், நல்லவன்.

"இன்னா அண்ணாச்சி, மக்கர் பண்ணுதா? தங்கச்சிய இதுல ஏத்துங்க. பத்தே நிமிசத்துல கொண்டுபோய் வுட்டுர்றேன்."

தம்பி கதவைத் திறந்து இறங்கப்போனான். கடைசியாக ஒருமுறை போட்டுப்பார் என்றேன். போட்டான். இன்ஜின் பிடித்து ஓடியது. தம்பி ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டு சிரித்தான், அழுதான் என்றும் சொல்லலாம். ஆட்டோ குலுங்குமே, பின்சீட்டில் படுத்தபடி காரில் போவதுதான் அவளுக்கு நல்லது என்றேன். சரிதானே ஐயா. சாலமன் கையைக் காட்டிவிட்டுப் போனான். அவன் தெருமுனை திரும்பும் வரை ஓடிவிட்டு இன்ஜின் நின்றது.

அது எப்படி ஓடியது என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ரிலே என் இடது கைக்குள் இருந்தது. அவர்கள் வாசலுக்கு வருவதற்கு முன்பே எடுத்திருந்தேன். சாலமன் வந்ததும் சொருகினேன், அவன் போனதும் பிடுங்கினேன். கை தானாகப் போனது, புத்தி தடுமாறியது என்றெல்லாம் எழுத வேண்டாம். யோசித்துத்தான் செய்தேன். மாயாவுக்கு எந்தக் கெடுதலும் நினைக்கவில்லை. கொஞ்சம் தாமதமாகட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

மொத்தம் நாற்பது நிமிஷம். அப்புறம் சொருகி, நானே ஓட்டிக்கொண்டு போனேன். பள்ளம் மேடு பார்த்துத்தான் ஓட்டினேன். பெண் குழந்தை. அழவில்லை. மாயா பிழைத்தாள், ஆனால் கர்ப்பப்பையை எடுக்கவேண்டியதாகிவிட்டது. அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் இரண்டு பேரையும் முழுசாகக் கொடுத்திருப்பேனே என்று டாக்டரம்மா சொன்னார். தம்பி என் தோளில் விழுந்து, நீ எவ்வளவோ பார்த்தாய் அண்ணே என்று அழுதான். நானும் அழுதேன். அது நடிப்பில்லை. குழந்தைக்கு அவன் நெற்றி.

பதினாறு நாள் கழித்து சுப்பராயனை வரச்சொன்னேன். புரட்டாசி முடிய நாலு நாள் இருக்கும்போது கூரை மூடியாயிற்று. ஐப்பசியில் எப்படிப் பெய்தது என்று உங்களுக்கே தெரியும். ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை ஐயா. ஒரு சொட்டு. கொட்டும் மழையில் முன்கட்டின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

தம்பியும் மாயாவும் அதற்குள் எம்.கே.பி. நகருக்குப் போய்விட்டார்கள், நான் பேசி வைத்த வீட்டுக்கே. தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. மாசமான பெண்ணை வைத்துக்கொண்டு கூரையைப் பிரித்தார்கள், வீடு காவு வாங்கிவிட்டது என்றார்கள். அல்வா தின்ற அதே வாய்கள். ஆடி மாதம் ஒருநாள் கடப்பாரை விட சம்மதித்தோமே என்று தம்பி தன்னையே தின்றுகொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். மனது கஷ்டமாகத்தான் இருந்தது. நாளானால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினேன். சொந்தக்காரர்கள் பாதிப் பேர்கூட வரவில்லை. தம்பி வந்தான். தெருவிலேயே நின்றான். உள்ளே வாடா, உத்தரத்தைப் பார், தரையைப் பார் என்று கையைப் பிடித்து இழுத்தேன். கையை உதறிவிட்டான்.

"எம்புள்ளயத் தின்ன வீடுண்ணே இது. எம் பங்க வித்துரு. வாங்குறவன் இடிச்சித் தரமட்டமாக்குனாலும் சரி, எனக்கு அது கண்ணுல படக்கூடாது."

ஆயிரம் பேர் சொல்லட்டும், என் தம்பி வாயிலிருந்து அது வரலாமா? அதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. எழுந்து உட்கார்ந்து எழுந்து நாலு நாள் நடந்தேன். அந்த வீடு என்ன பாவம் செய்தது? தொண்ணூறு வருஷமாக வெயிலையும் மழையையும் தான் வாங்கிக்கொண்டு மனிதர்களை உள்ளே வைத்துக் காப்பாற்றிய வீடு. ஒரு தப்பும் செய்யாத ஒன்றின் மேல் இப்படிப் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் நான் மனிதனா?

அதனால்தான் நானாகவே வந்தேன். குழந்தை செத்தது என்னால். கடப்பாரையாலும் இல்லை, கூரையாலும் இல்லை, தம்பி சம்மதித்ததாலும் இல்லை. ரிலேயை எடுத்தது நான், ஆட்டோவைத் திருப்பி அனுப்பியது நான். ஹுமாயூனையும் சாலமனையும் விசாரியுங்கள், நான் சொன்னது சரியாக வரும். இதில் ஒரு நகல் என் தம்பிக்குக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். படித்தால் அவனுக்குப் புரிந்துவிடும். வீட்டில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தபின் மாயாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவான். முன்கட்டை அவர்களுக்கென்று ஒழித்து வைத்திருக்கிறேன். நல்ல காற்று.

நீங்கள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் திருத்தம் ஐயா. சம்பவ இடம் என்று வீட்டு விலாசத்தைப் போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். வண்டி தெருவில்தான் நின்றது.