உப்பளத்துக்காரருக்கு உப்புக் குறை

எழுபதுகளில் ஒரு கோடையில், தூத்துக்குடி டவுன் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"உப்பளத்துல கெடக்குத மனுசனுக்கு உடம்புல உப்பு இல்லையாம்ளா" என்றாள், மடியில் முருங்கைக்காய்க் கட்டு வைத்திருந்தவள்.

"யாருக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்குத்தான். போன வாரம் உப்பு வாரும்போதே காலு ரெண்டும் இழுத்து விழுந்துட்டாரு. செம்பு செம்பா தண்ணி குடுத்தும் கேக்கல."

"பொறவு?"

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். 'வேர்வையில உப்பு பூராவும் போயிருக்கு, வெறுந்தண்ணி குடிச்சா இன்னும் மோசமாகும்'னு நர்சம்மா சொல்லிட்டா. உப்பும் சீனியும் தண்ணியில கரைச்சு, கரண்டி கரண்டியா அவளே ஊட்டுனா. சாயங்காலம் இவரு எந்திரிச்சு உக்காந்து, 'ஏளா, பசிக்கி'ங்காரு."

"சீனி எதுக்கு?"

"நானும் கேட்டேன். சீனி சேந்தாத்தான் உப்பும் தண்ணியும் வெரசா உடம்புல ஏறுமாம். இப்ப அவளப் பாக்கத்தான் போறேன். காய் எங்க வீட்டு மரத்துது."

"உங்க வீட்டுக்காரரு வரலையா?"

"அவரு வேலைக்குப் போயிட்டாருளா" என்றவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பஸ் முழுதாக நிற்கும் முன்பே இறங்கி ஓடினாள்.