வெறும் காசித்தும்பைதானே

“ஹலோ… மறுபடியும் நீங்களா தம்பி? … சாப்பிட்டேன், சாப்பிட்டேன். … சரி, விஷயத்துக்கு வாங்க.”

தாவரவியல் தோட்டத்தில் கணவரின் கீழ் வேலை பார்த்தவர் துக்கம் விசாரிக்க மட்டும் கூப்பிடவில்லை என்பது அவளுக்கு முந்தின அழைப்பிலேயே தட்டுப்பட்டுவிட்டது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கணவர் விட்டுப்போன ஜன்னலோரச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“எது, அந்தச் சட்டியா? … ஓ, வெறும் காசித்தும்பையா. … ஆமா, ஆமா, வேலியோரமெல்லாம் முளைக்கிறதுதான். அப்ப எதுக்கு அதுக்கு வண்டி எடுத்துக்கிட்டு வர்றீங்க? … ஞாபகார்த்தமாவா! அவரோட மூக்குக்கண்ணாடி இருக்கு, செருப்பு இருக்கு. அதெல்லாம் வேணாமா? …

“தம்பி, எங்க வீட்டுல சாப்பாட்டு மேசையிலேயே பாடம் நடக்கும். இது காசித்தும்பை இல்லை. ரெண்டும் ஒரே குடும்பம், ஒரே பேரினம், சிற்றினம்தான் வேற. காசித்தும்பைக் காய்மேல பூனைமுடி இருக்கும்; இது வழுவழுன்னு இருக்கு. அது இலைக் கக்கத்துல ஒட்டிக்கிட்டுப் பூக்கும்; இது நீளக் காம்பு விட்டுத் தொங்குது. … அப்படியா? வெயில் பத்தலைன்னா முடி கொட்டிடுமா? எனக்கு ஏற்கெனவே காது குத்தியாச்சு தம்பி.

“அது எங்கேயும் அழியாது. இது மலையில ஒரே ஒரு ஓடைக்கரையில இருக்கிறது. அழிவு அபாயப் பட்டியல்ல கடைசிப் படி. அதுக்கடுத்து, இல்லவே இல்லைங்கிறதுதான். … யாருக்கு விக்கப் போறீங்க? … சும்மாதான் கேட்டேன். ஏன் குரல் இறங்குது?”

அவள் ஒரு பொய்யைத் தூண்டிலில் மாட்டினாள்.

“வந்தும் பிரயோஜனம் இல்லை. பூச்சி பிடிச்சுது, பிடுங்கிக் குப்பையில போட்டுட்டேன். … ஹலோ? … ஏன் இப்படி அலறுறீங்க? வேலியோரச் செடிக்கா இந்தக் கூப்பாடு? மாட்டிக்கிட்டீங்களா! … என்னது? … மெதுவா, மெதுவா. … தோட்டத்துல இருந்ததுமா? எல்லாமே செத்துடுச்சா? … வேர் அழுகற அளவுக்கு யாரு தண்ணி விட்டது? … நீங்களா.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“… சரி, ஓடைக்கரையில? … ஐயோ, அங்கேயும் மண் சரிஞ்சுடுச்சா. … முதல்லயே இதைச் சொல்லியிருக்கலாமே. … ஆமா, அவர் இருந்திருந்தா உங்களை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பார். … பிடுங்கலை தம்பி. இருக்கு. என் மடியில இருக்கு. … அட, அழாதீங்க.

“வாங்க. சட்டியைத் தர மாட்டேன். வேணுங்கிற தண்டை வெட்டிக்கிட்டுப் போய்த் தோட்டத்துல நடுங்க. ஆனா தண்ணி மட்டும் நீங்க விடக் கூடாது. நான் வந்து விடறேன். … தினமும்தான். … இல்லை தம்பி, சிரமம் ஒண்ணும் இல்லை. காலையில எழுந்தா எங்கேயாவது போகணும்போல இருக்கு. … வைக்கிறேன்.”