மொதல்லருந்து சொல்லு

ஆமா, பின்னாடி எடம் இருக்குது. அங்கருந்துதான் எழுந்து வரன். இங்க குந்தக் கூடாதுன்னு எழுதியா வெச்சிருக்குது? பைய மடியில வெச்சிக்கோ மேடம். அதுல போட்டிருக்கற எழுத்தும், ஒங் கழுத்துல தொங்கற அட்டையும் எனிக்குப் படிக்கத் தெரியாது. படிச்சிச் சொல்ல ஆளு இருந்துச்சி. நீதான மலைமேல ஸ்கூலுக்கு வர புது மனசு டீச்சரு?

புள்ளைங்க அப்பிடித்தான் சொல்லுங்க. கணக்கு டீச்சரு, சயின்ஸ் டீச்சரு, மனசு டீச்சரு. ஒங்க ஆபீசுல கவுன்சிலிங் மேடம்னு பேரு வெச்சிருப்பாங்க, அத்த நீயே வெச்சிக்கோ. நீ வான்னுதான் பேசுவன், தப்பா நெனச்சாலும் பரவால்ல.

எம் பேரு சாமியம்மா. ஒங்க ஸ்கூல தாண்டி கடைசி ஸ்டாப்பு எங்க ஊரு. எம் பொண்ணு மணிமொழி பத்தாவது, அந்த ஸ்கூல் ஆஸ்டல்லதான் இருந்தா. லீவுக்கு வந்தவ திரும்பப் போவ மாட்டன்னுட்டா. திருப்பூர்ல நூல் மில்லுக்கு ஆளு எடுக்கறாங்க, கீழ போய் அதுக்குப் பேசி வெச்சிட்டுதான் இப்ப வரன். டிசி வாங்கறதா, ஆஸ்டல்ல வுடறதான்னு இந்த பஸ்ஸு மேல போய்ச் சேரறதுக்குள்ள முடிவு ஆவணும்.

சிரிக்காத. அந்தச் சிரிப்பையும் ஒங்க ஆபீசுலதான் சொல்லிக் குடுக்கறாங்களா? வந்தவளுங்க எல்லாம் இதே சிரிப்புதான் சிரிச்சாளுங்க, தலைய ஒரு பக்கமா சாய்ச்சிக்கினு.

எத்தினி பேரா? நீ நாலாவது. ஒனக்கு அத்தச் சொல்லலியா? நல்லா சொன்னாங்க போ.

மொதல்ல வந்தது நிர்மலா. அவமேலதான் எனிக்குக் கோவம் ஜாஸ்தி. ஏன்னா அவதான் எம் பொண்ண பேச வெச்சா. பேச வெச்சிட்டுப் பூட்டா.

அதுக்கு முன்னாடி ஏன் பேசலியா? இரு, சொல்றன். நடுவுல நடுவுல உம் கொட்டாத, எரிச்சலா வருது.

எம் வூட்டுக்காரரு ஆண்டி. வருசா வருசம் மொளகு பறிக்க கேரளாவுக்குப் போறவரு. அந்த வருசம் காய்ச்சலு, வரலன்னுட்டாரு. முன்பணம் குடுத்து ஆளு கட்டற மேஸ்திரி ஜீப்ப எடுத்துக்கினு வூட்டுக்கே வந்துட்டான். இவரு மாட்டுக்கொட்டாயில போய்ப் படுத்துக்கினு, கேட்டா அப்பா இல்லன்னு சொல்லுன்னு பொண்ணுகிட்ட சொல்லியிருக்காரு. நான் கொல்லையில சாமை அறுத்துக்கினு இருந்தன். மேஸ்திரி வந்து கேட்டான். எம் பொண்ணுக்குப் பொய் சொல்ல வராது. கொட்டாயில படுத்திருக்காருன்னு கைய காட்டிட்டா. அவ்ளோதான். போர்வையோட எழுப்பி ஏத்திக்கினு பூட்டான். மலை எறங்கறப்ப வளைவுல ஜீப்பு கவுந்துச்சி. மத்தவங்களுக்குக் கை காலு ஒடஞ்சதோட போச்சி. எம் வூட்டுக்காரரு மட்டும்தான் வரல.

அவ கை காட்டுனது அப்ப எனிக்குத் தெரியாது. காரியம் முடிஞ்சதுலருந்து வாய தொறக்கல. ஆஸ்டல்ல சோறு துன்னல. ரோட்டுல ஜீப்பு ஆரன் அடிச்சா மயங்கி வுழுவா. காத்து கருப்புன்னு வேப்பல அடிச்சோம். கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பாத்து எல்லாம் சரியாதான் இருக்குதுன்னாங்க. அப்பாவ காட்டிக் குடுத்தது நான்தான்னு ஒரு புள்ள பெத்தவகிட்ட எப்பிடி சொல்லும்?

கம்பிய புடிச்சிக்கோ. செக்போஸ்ட்டு தாண்டிட்டா வளைவுதான்.

நிர்மலாவுக்கு அங்க ரூமு கூட கெடையாது. லேபு ஓரமா, ஆசிட்டு நாத்தத்துல ரெண்டு நாற்காலி. வியாழக்கிழம மட்டும் வருவா. மத்த நாளெல்லாம் கீழ இருக்கற ஸ்கூலுங்க, ஒரே ஆளுக்கு அத்தினி ஸ்கூலு. வந்து ஒன்னுமே கேக்க மாட்டாளாம். வேர்க்கடலைய மேசை மேல கொட்டி, வா உரிக்கலாம்னு உரிச்சிக்கினே இருப்பாளாம். மாசக்கணக்கா கடலைதான். ஒரு நாளு எம் பொண்ணு தானா சொல்லிட்டா. அந்த வாரமே வூட்டுக்கு வந்து எம் மடியில படுத்துக்கினு எங்கிட்டயும் சொல்லி அழுதா. அழுது முடிச்சிட்டு, அம்மா பசிக்குதுன்னா. அந்த வார்த்தய கேட்டு எத்தினி நாளு ஆச்சின்னு நான் அடுப்பாண்ட போய் அழுதன்.

நிர்மலாவுக்குன்னு மலைத்தேனு ஒரு பாட்டிலு எடுத்து வெச்சன். குடுக்க முடியல. அடுத்த வியாழக்கிழம வரல, அதுக்கடுத்ததும் வரல. ஆர்டரு முடிஞ்சிபோச்சாம், திண்டிவனத்துல ஏதோ பிரைவேட்டு ஸ்கூல்ல சேந்துட்டாளாம். ஸ்கூலு பெரிய வாத்தியாரு, அந்த எச்செம்மு சொல்லித்தான் தெரியும்.

அவளுக்கும் கஷ்டம் இருந்திருக்குமா? இருந்திருக்கும், இல்லன்னா சொன்னன்? இத்தினி புள்ளைங்க சொல்றத வாங்கி வாங்கி வெச்சிக்கினு அவ யார்கிட்ட போய்க் கொட்டுவா? தூக்கமே வரலன்னு ஆஸ்டலு சமையக்கார ராணியம்மாகிட்ட சொன்னாளாம். எல்லாம் சரி. போறவ அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா கொறஞ்சா பூடும்?

அப்பறம் அம்சவள்ளி. குந்துன ஒடனே, மொதல்லருந்து சொல்லும்மான்னா. அதான் முன்னாடி வந்தவகிட்ட சொல்லியாச்சேன்னா, அது ரகசியமாம், ஒருத்தருக்கு சொன்னத இன்னொருத்தருக்குக் குடுக்க மாட்டாங்களாம். நல்ல ரகசியம்! அதுக்காவ அந்தப் புள்ள வாயிலருந்தே மறுபடி புடுங்கறதா? சொன்னா. ஜீப்பு, கொட்டாயி, போர்வ, எல்லாம் சொன்னா. கொஞ்ச நாளுல அம்சவள்ளிக்குக் கல்யாணம், பூட்டா.

இரு, பேசாத. இந்த வளைவு போவட்டும்.

ம். இங்கதான். தோ, அந்தப் பாறையாண்ட.

சரி, வுடு. மூணாவது ஷாலினி. அவளும் மொதல்லருந்து சொல்லுன்னா. புண்ணுல பக்கு கட்டறதுக்குள்ள ஆளுக்கு ஒரு வாட்டி பிச்சிப் பாத்தா எப்பிடிம்மா ஆறும்? அப்பவும் சொன்னா எம் பொண்ணு. அதுக்கப்பறம் பாத்தா, வியாழக்கிழம ஆனா ஷாலினிக்குக் கள்ளக்குறிச்சியில பயிற்சி.

ஏன் வியாழக்கிழமயா? அந்த ஆபீசுலருந்து வரவ நீ, என்னயா கேக்கற? கீழ இருக்கற எச்செம்முங்க, எங்க ஸ்கூலு நாள தொடாதன்னு சண்டைக்கி வருவாங்க. எங்க எச்செம்மு மீட்டிங்குல வாயே தொறக்க மாட்டாரு. பெத்தவங்க நாங்களும் போன போட்டு ஏன்டா வரலன்னு கேக்க மாட்டோம். அதனால மலை ஸ்கூலு நாள எடுத்துக்கோன்னு வெச்சிட்டாங்க. யாரும் ஆர்டரு போடல, பழக்கமா ஆயிடுச்சி. எம் பொண்ணு லேபு வாசப்படியில குந்திக்கினு கேட்டையே பாத்துக்கினு இருப்பா. ஒரு வாட்டி ஷாலினிகிட்டயே கேட்டிருக்கா, அப்பிடி இன்னா மேடம் பயிற்சின்னு. பாதியில வுட்டுட்டுப் போவாம வேலையில நெலைச்சி நிக்கறது எப்பிடின்னு பயிற்சியாம். அத்த கத்துக்கப் போனதாலதான் வரலியாம். கத்துக்கினும் நிக்கல, அவளும் பூட்டா.

நீயேன் தலைய குனியற? நீயும் அதுக்குதான் போய்ட்டு வரியா? தெரியுது, பை புதுசா இருக்குதே. இன்னா சொன்னாங்க? மூச்ச இழுத்து வுடணும். சரி. அப்பறம்? மாசத்துக்கு ஒரு நாளு ஒங்காளுங்க எல்லாம் ஒன்னா குந்திப் பேசுவீங்க. ஒனக்கு மனசு பாரமா இருந்தா போன் பண்ண ஒரு பெரிய மேடம் இருக்காங்க.

நக்கல் பண்ணல, நெசமாதான் சொல்றன், அது நல்ல காரியம். நிர்மலாவுக்கு அப்பிடி ஒருத்தங்க இருந்திருந்தா அவ இருந்திருப்பா, நானும் ஒங்கூட இப்பிடி மல்லுக்கு நிக்க மாட்டன். அந்தப் பெரிய மேடம் மாற மாட்டாங்க இல்ல? வாராவாரம் புது ஆளு வந்து ஒன்ன மொதல்லருந்து சொல்லச் சொன்னா அப்ப தெரியும் ஒனக்கு.

நீங்க ஒன்னா குந்தற நாளு எந்தக் கிழம? பாத்தியா, அதுவும் வியாழக்கிழமதான். போய்ச் சொல்லு, வியாழக்கிழமய தவுர எந்தக் கிழமயா இருந்தாலும் வெச்சிக்கோங்கன்னு. படிச்சவதான, கேட்டா இன்னா, தலையவா வாங்கிடுவாங்க?

ஒனக்கு ஆர்டரு எதுவரைக்கும்? மார்ச்சி. அப்பறம்? தெரியாது. ஆங், இத்த எம் பொண்ணுகிட்ட மொத நாளே சொல்லு. மார்ச்சி வரைக்கும் கண்டிப்பா இருப்பன், அப்பறம் தெரியாது, போறதா இருந்தா ஒங்கிட்ட சொல்லாம போவ மாட்டன்னு சொல்லு. அப்பன பொதச்சவ அவ, இத்த தாங்குவா. வாசப்படியில குந்தி வழிய பாக்கறதுதான் அவளால தாங்க முடியல. அவள அங்க குந்த வெச்சா நான் ஆபீசு வாசல்ல வந்து மானத்த வாங்குவன், ஆமா.

நீ வேற மாதிரியா? எல்லாரும் வேற மாதிரிதான். ஒன்ன எனிக்குப் புடிக்கவே இல்ல, அத்த இப்பவே சொல்லிட்டன். நீ நல்லவளா இருந்துட்டுப் போ, நிர்மலாவும் நல்லவதான்.

தோ, கோயிலு ஆர்ச்சு தெரியுது, அடுத்தது ஒங்க ஸ்டாப்பு. எதுக்கு இத்தினி நேரம் தொண்டத்தண்ணி வத்தக் கத்துனன்னு நெனைக்கிற? ஊரு பேரு தெரியாத பொண்ணுகிட்ட வூட்டுக் கதைய சொல்லணும்னு எனிக்கு இன்னா வேண்டுதலா? எம் பொண்ணுதான் அனுப்புனா. நீ ஏறறப்பவே ஒங் கழுத்து அட்டைய படிச்சிட்டு எங் கைய இறுக்கிப் புடிச்சிக்கினு, அம்மா, நீயே போய் மொதல்லருந்து சொல்லிடு, இன்னொரு வாட்டி என்னால முடியாது, நீ சொல்லிட்டினா நான் போனாலும் போவன்னா. சொல்லிட்டன். இனிமே நீ ஒரு வார்த்த கேக்கக் கூடாது. கடலைய வாங்கிக்கினு போ.

ஒனக்குப் பின் சீட்டுதான். திரும்பாத. திரும்பாதன்றன் இல்ல? எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் வரா. அந்த வளைவுல கூட கண்ண மூடல, நான் பாத்தன். எறங்குனா ஸ்கூலு, குந்துனா மில்லு. அது அவ பாடு, நான் வாய தொறக்க மாட்டன்.

விசிலு அடிச்சிட்டான், எழுந்துரு. கால எடு, வழிய வுடு.

ஏ மேடம், கைய வீசிக்கினு எறங்கிப் போறியே? கீழ நின்னு அவ பொட்டிய புடி, மில்லுக்குன்னு கட்டுனது, கனமா இருக்குது.