குன்று நத்தையின் பெயர்ச்சீட்டு

2024 நவம்பர் 19ஆம் நாள் வெளிவந்த நாளிதழொன்றில், ஆய்வாளர் தினேஸ்வரி கவனக்குறைவால் சுண்ணாம்புக் குன்றிலிருந்து விழுந்து இறந்தார் என அச்சாகியிருந்தது. அவள் என் மகள். கவனக்குறைவு என்பது பொய். அதை மறுக்கவே எழுதுகிறேன்.

நான் புந்தோங் என்னும் ஊரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன். தினேஸ்வரி நத்தைகளின் உறவுமுறையை ஆராய்ந்தாள். ஓடில்லா நத்தைகள் அனைத்தும் ஒரே குடும்பமல்ல. ஓட்டை இழப்பது வெவ்வேறு வமிசங்களில் தனித்தனியே நிகழ்ந்திருக்கிறது. சுங்கை சிப்புட் ஊருக்கு அப்பால், பழைய ரப்பர்த் தோட்டத்தின் பின்னுள்ள குன்றில் அவள் ஓர் ஓடில்லா நத்தையைக் கண்டெடுத்தாள். அதற்கு மிக நெருங்கிய உறவு அதே குன்றில் வாழும் ஓடுள்ள நத்தையே என்று மரபணுவைக் கொண்டு நிறுவினாள். எங்கள் கீரைப்பாத்தியில் ஊரும் ஓடில்லா நத்தை உருவத்தில் ஒத்திருந்தும் தூரத்து உறவே.

அவள் நத்தை மாதிரிகளை இட்டுவைத்த குப்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதியவன் நான். அவளுடன் பணியாற்றிய யுகேந்திரன் கேலி செய்வான்.

"ஒங்கப்பா லேபிள் எழுதினா செத்த நத்தையும் எழுந்து வணக்கம் ஐயான்னு சொல்லும்லா."

"சிரிக்காத யுகேன். அப்பா எழுதுன சீட்ட நான் ரெண்டாவது தடவ பாக்குறதே இல்ல."

என் மனைவி சரளா காலமான எட்டாம் மாதம், மகளுக்கு ஜெர்மனியில் ஆறாண்டு வேலை கிடைப்பதாக இருந்தது. வேண்டாமென்றேன். "ஓடு இல்லன்னா சொந்தம் இல்லன்னு ஆயிடுமாப்பா?" என்று சிரித்தாள்.

வேலை தருமுன் அவளுடைய ஆய்வு முடிவைச் சரிபார்க்க, குன்று நத்தையின் எஞ்சியிருந்த ஒரே தசைத்துண்டை அங்குள்ளோர் கேட்டனர். மங்கிய சீட்டைப் புதிதாக எழுதித் தரும்படி குப்பியை என்னிடம் கொடுத்துச் சென்றாள். துண்டைக் கழுவுதொட்டியில் கொட்டினேன். கீரைப்பாத்தியிலிருந்து ஒரு நத்தையை எடுத்து, நறுக்கி, அதே குப்பியில் இட்டேன். குன்று நத்தையின் பெயரைத் திருத்தமாக எழுதி ஒட்டினேன்.

குப்பியில் இருந்தது சாதாரணத் தோட்டத்து நத்தை என்று பதில் வந்தது. அவர்களும் கவனக்குறைவு என்றே எழுதியிருந்தனர். வேலை இல்லையென்றாயிற்று. யுகேந்திரன் சீட்டைப் பற்றிக் கேட்டபோது அவள் கோபித்தாள். "அப்பா தப்பா எழுத மாட்டாரு. நாந்தான் எங்கயோ கலந்துட்டேன்."

அவள் ஆய்வகத்தை விட்டுவிட்டு என்னோடு வசிக்க வீட்டிற்கு வந்தாள். நான்கு மாதங்கள் ஒன்றாக உண்டோம். அவை நல்ல நாள்கள் என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

பின்னர் அந்தக் குன்றைக் கல்லுக்காக உடைக்கப் போவதாகத் தெரிந்தது.

"மழை விட்டதும் போகலாமே" என்றேன்.

"அடுத்த மாசம் வெடி வைக்கிறாங்கப்பா. மழையிலதான் அது வெளிய வரும். இன்னொன்னு கெடச்சா நான் பொய் சொல்லலன்னு காட்டிடுவேன்."

துண்டை மாற்றியவன் நான் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அவள் போயிருக்க மாட்டாள். நான் சோறு கட்டிக் கொடுத்தேன்.

காவல் நிலையத்தில் அவளுடைய பையைத் தந்தனர். சோற்றுப் பொட்டலம் பிரிக்கப்படவில்லை. குப்பி உடையவில்லை. அதனுள் அந்தக் குன்று நத்தை இருந்தது. சீட்டை ஒட்டியிருந்தாள், ஒன்றும் எழுதவில்லை. எனக்காக விட்டிருந்தாள்.

நேற்று அதில் குன்று நத்தையின் பெயரை எழுதினேன்.

அவளுக்கு நான் தீங்கு நினைக்கவில்லை. வீட்டிற்கு வர வேண்டுமென்றே நினைத்தேன், வந்தாள். எனக்குரிய தண்டனையை உரியவர்கள் விதிக்கட்டும். ஆனால், இதை வாசிக்கும் நீங்கள் முதலில் கவனக்குறைவு என்ற அந்தச் சொல்லை நீக்கச் செய்யுங்கள். குப்பியிலுள்ள நத்தையைச் சோதியுங்கள். சீட்டைச் சரிபார்க்கத் தேவையில்லை. அதை எழுதியவன் நான்.